புளிக்கொடி

பூ பன்னிரண்டு மணிக்கு மேல்தான் விரியும். நாலு தாண்டினால் சுருங்கத் தொடங்கும். மனிதர்கள் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் கிடக்கிற நேரம் பார்த்து விரிகிற பூ. பாறசாலைக்குக் கிழக்கே கால்வாய்க் கரையில் ஞானசிகாமணிக்கு நாற்பது சென்ட் இருந்தது. அறுபது பாஷன் புரூட் கொடிகள் அதில் ஒரே பந்தலாகப் படர்ந்து கிடந்தன. செப்டம்பர் மாதத்து மதியங்களில் அவர் மனைவி எலிசாளும் மருமகள் ஜினியும் தலையில் ஈரத்தோர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு பந்தலுக்கடியில் பூவைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள்.

பூவின் நடுவில் ஐந்து கேசரங்கள் மஞ்சள் பொடியோடு கவிழ்ந்து தொங்கும். அதற்கு மேலே மூன்றாகப் பிரிந்த சூல்முடி. பொடியை விரல் நுனியில் வழித்து அந்த மூன்றிலும் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு பூ வரும். அண்ணாந்தே நிற்பதால் சாயங்காலம் தலையை நேராக்கும்போது கழுத்து எலும்பு சத்தம் போடும். ஜினி உயரம் குறைவு. வாளியைக் கவிழ்த்து ஏறி நிற்பாள், இறங்குவாள், வாளியை நகர்த்துவாள், மறுபடி ஏறுவாள். பூவின் அடியில் ஊறும் தேனுக்கு வந்த கட்டெறும்புகள் நைட்டிக் கழுத்து வழியாக உள்ளே விழும்.

"மெல்லத் தொடு பிள்ளே. அது பூவாக்கும், கரிச்சட்டியில்ல."

"மெல்லத்தான் மாமி தொடுதேன்."

"தொடுதே. நீ தொட்டதெல்லாந்தான் கீழ கெடக்கே."

கீழே கிடந்தது உண்மை. மூன்று நாளைக்கு முன்னால் தொட்ட பூக்கள் காம்போடு மஞ்சளித்து உதிர்ந்து, மண்ணில் ஈரத்துணிபோல் ஒட்டிக் கிடந்தன. மிதித்தால் வழுக்கியது.

"உங்க பக்கமும் விழுந்துதான் கெடக்கு" என்றாள் ஜினி.

இடது பக்கத்து வரிசைகள் ஜினிக்கு, வலது பக்கம் எலிசாளுக்கு என்று பிரித்திருந்தார்கள். எலிசாள்தான் பிரித்தாள். யாருடைய கையில் காய் பிடிக்கிறது என்று தெரிந்துவிடுமாம்.

"எனக்க பக்கம் விழுந்தது உனக்க பக்கத்துக் காத்து பட்டு. பந்தல் ஒண்ணுதானே?"

ஜினி வாளியை நகர்த்தினாள்.  மறுபடி ஏறி அடுத்த பூவுக்குக் கையை நீட்டினாள்.

எலிசாளின் கை அந்த ஊரில் பெயர்பெற்ற கை. அவள் ஊன்றிய வாழைக்கன்று சாய்ந்ததில்லை, அவள் விதைத்த பயறு முளைக்காமல் போனதில்லை என்று சொல்வார்கள். குன்னத்துக்காலிலிருந்தும் வெள்ளறடையிலிருந்தும் ஆட்கள் ஆட்டோவில் வந்து கூப்பிட்டுப் போவார்கள். புதிதாகப் பயிர் வைக்கிறவன் முதல் குழியில் முதல் கன்றை எலிசாளை வைத்து நடுவான். குடிக்க ஒரு சாயை தருவான், அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், முப்பது வருஷம் முந்திரி ஆலையில் கொட்டைத் தோடு உடைத்தவள், ஊரார் முன்னால் நிமிர்ந்து நின்றது அந்த முதல் குழிகளுக்குப் பக்கத்தில்தான். அந்தக் கையைத் தவிர எலிசாளுக்கு ஊரில் வேறு பெயர் இல்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் போதகர் வீட்டு முற்றத்தில் நின்ற ஒரு பாஷன் புரூட் கொடியின் பழத்தைத் தின்று பார்த்தாள். மஞ்சள் பழம், நல்ல தித்திப்பு. அந்தக் கொடியிலிருந்து அறுபது துண்டு வெட்டிக் கொண்டுவந்து, தேங்காய் நார்ப்பொடியில் ஊன்றி, நிழலில் வைத்து வேர் பிடிக்க வைத்தாள். ஒன்றுகூடச் சாகவில்லை. நர்சரியில் விதைக் கன்று தருகிறார்கள் என்று ஞானசிகாமணி சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது.

"வித்து முளைச்சா அது எப்படியிருக்கும்ணு ஆருக்குத் தெரியும்? இது ருசி அறிஞ்ச கொடி. அறுபதும் இதுதான் நிக்கணும்."

நின்றது. ஆறு வருஷமும் பந்தல் கொள்ளாமல் காய்த்தது. மகன் ஜெயன் ஆரியசாலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கிறான். காலை பாசஞ்சரில் போகும்போது இரண்டு பை பழம் கொண்டுபோய் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜூஸ் கடையில் கொடுத்துவிட்டுப் போவான். கடைக்காரன் வெட்டிப் பார்ப்பதுகூட இல்லை. எலிசாள் பழம் என்றால் தித்திக்கும்.

பந்தலில் ஒரு தொல்லை மட்டும் இருந்தது. கருவண்டு. கட்டைவிரல் பருமனில், நீலம் மின்னும் சிறகோடு, பந்தல் கால்களாக நின்ற காய்ந்த மூங்கிலிலும் வீட்டு ஓரத்துச் சாய்ப்பின் கூரைக் கழுக்கோல்களிலும் வட்டமாகத் துளை போட்டுக் குடியிருந்தது. கீழே மரப்பொடி கொட்டும். சாய்ப்பில் உட்கார்ந்து சாயை குடிப்பது ஞானசிகாமணியின் வழக்கம். ரப்பர் வெட்டுவதை நிறுத்திய பிறகு முட்டுவலியோடு அவர் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்.

"லேய் ஜெயா, எனக்கு சாயையில இனி சீனி வேண்டாம். இந்தச் சவம் மேல இருந்து பொடி போட்டுத் தருது" என்பார்.

ஜனவரியில் ஜெயனுக்கும் ஜினிக்கும் கல்யாணம் நடந்தது. பிப்ரவரியில் ஜெயன் கடையிலிருந்து மரத்துக்கு அடிக்கிற கறுப்பு எண்ணெய் ஒரு டின் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, அப்பனும் மகனுமாகப் பந்தல் கால்களுக்கும் கழுக்கோல்களுக்கும் எண்ணெய் அடித்தார்கள். துளைகளில் ஊசிக்குழாயால் எண்ணெயை ஊற்றி, வாயைச் சிமெண்டு வைத்து அடைத்தார்கள். இரண்டு நாள் மூங்கிலுக்குள் இரைச்சல் கேட்டது. கால் முழுக்க ஏதோ மெஷின் ஓடுவதுபோல. மூன்றாம் நாள் கேட்கவில்லை. ஞானசிகாமணி சாயையைக் குடித்துவிட்டு, "இப்பம் கொள்ளாம், நல்லாருக்கு" என்றார்.

ஜூனில் பூ வந்தது. பந்தலே வெளுத்துப்போகிற அளவுக்குப் பூ. காய் பதினொன்று.

எலிசாள் கணக்குப் போட்டாள். ஆறு வருஷம் காய்த்தது, ஏழாம் வருஷம் காய்க்கவில்லை. ஏழாம் வருஷத்தில் புதிதாக என்ன வந்தது? மருமகள் வந்தாள். எண்ணெய் டின் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

முதலில் ஜினி தண்ணீர் விட்ட கறிவேப்பிலைக் கன்று பட்டது. நாய் தினமும் அதன்மேல் காலைத் தூக்கியதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பிறகு ஜினி கை போட்ட மாங்காய் உப்பிலிட்டதில் பூஞ்சணம் பூத்தது. ஜூலை மழையில் அந்தத் தெருவில் எல்லா வீட்டு ஊறுகாய்ப் பரணியிலும் பூத்தது. ஆனால் ஜினியிடம்தான் சொன்னார்கள்: உப்புப் பரணியைத் தொடாதே, விதையைத் தொடாதே, ஆட்டுக்குட்டிக்குத் தழை போடாதே. இது தீட்டு கீட்டு ஒன்றுமில்லை, நாம் வேதக்காரர்கள், அதெல்லாம் நமக்கில்லை என்று எலிசாள் விளக்கமும் சொன்னாள். "செலருக்குக் கை அப்படி. அதுக்கு அவ என்ன செய்வா, பாவம்."

ஆகஸ்டில் ஒரு நாள், இரவுச் சோறு பரிமாறும்போது மகனிடம் சொன்னாள்.

"அடுத்த பூவும் இப்படித்தான் போச்சுண்ணா அவ கொறச்சு நாள் அம்மை வீட்டுல நிக்கட்டு. காய் பிடிச்ச பெறகு வந்தாப் போதும்."

"எம்புட்டு நாள்?" என்றாள் ஜினி.

"காய் பிடிக்கியது வரை."

"பிடிக்கல்லைண்ணா?"

எலிசாள் மீன் குழம்பை ஊற்றினாள். ஜெயன் மரவள்ளிக்கிழங்கைப் பிசைந்தான். "பாப்போம்" என்றான். எதற்கும் அவன் அதைத்தான் சொல்வான். பிறகு அவனே போனில் ஒரு வீடியோ காட்டினான், எங்கேயோ ஒருவன் பூவை விரலால் தொட்டுக் காய் பிடிக்க வைக்கிற வீடியோ. அப்படித்தான் இந்த மதிய வேலை தொடங்கியது. செப்டம்பர் கடைசி வரை தவணை.

பன்னிரண்டு நாள் தொட்டார்கள். இடது பக்கமும் உதிர்ந்தது, வலது பக்கமும் உதிர்ந்தது. ஒரே ஒரு மூலையில் மட்டும், கால்வாயை ஒட்டிய கடைசி வரிசையில், நாலு காய் பட்டாணி அளவில் நின்றது. அங்கே யாரும் தொடவே இல்லை. சரிவு வழுக்கும் என்று இருவரும் விட்டுவிட்ட இடம்.

பதின்மூன்றாம் நாள் எலிசாள் களைத்துப்போய்ச் சீக்கிரம் ஏறிப்போன பிறகு, ஜினி காலைக் கழுவக் கால்வாய்க்கு இறங்கினாள். அக்கரையில் விஜய்குமாரின் வீடும் புரயிடத் தோட்டமும். அங்கே ஒரு கிழட்டுப் பலா, அதன்மேல் யாரும் வைக்காமல் தானாக முளைத்த ஒரு பாஷன் புரூட் கொடி. பழம் சிறிது, தோடு தடிப்பு, புளிப்பு வாயில் வைக்க முடியாது. எல்லாரும் அதைப் புளிக்கொடி என்பார்கள். அதிலும் பூ விரிந்திருந்தது.

அந்தப் பலாவிலிருந்து ஒரு கருவண்டு வந்தது. ஒன்றே ஒன்று. கால்வாயைத் தாண்டி, ஜினியின் தலைக்கு மேலே பந்தல் மூலையில் ஒரு பூவில் போய் விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு கனம். தலையை அடியில் கொடுத்துத் தேனைக் குடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றியது. அதன் முதுகு முழுக்க மஞ்சள் பொடி. சுற்றும்போது முதுகு மேலேயிருந்த மூன்று முடியிலும் உரசியது. அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது உயரம். சின்னத் தேனீக்களும் அந்தப் பூவுக்கு வரும். பொடியைக் காலில் அள்ளிக்கொண்டு ஓரமாகவே போய்விடும், முடியைத் தொடுகிற உயரம் அவற்றுக்குக் கிடையாது. இது தொட்டது. வண்டுக்குப் பூவின்மேல் பிரியம் ஒன்றும் இல்லை. அதற்குத் தேன் வேண்டும், அவ்வளவுதான். வயிறு நிறைந்ததும் அது பாட்டுக்குப் போயிற்று.

ஜினி அந்தப் பூவின் காம்பில் துப்பட்டாவிலிருந்து உருவிய சிவப்பு நூலைக் கட்டினாள். ஐந்தாம் நாள் அது காயாக நின்றது.

அன்று மதியம் அவள் கால்வாயில் இறங்கி அக்கரை ஏறி, புளிக்கொடியில் ஆறு பூ பறித்துச் சோற்றுப் பாத்திரத்தில் போட்டுக் கொண்டுவந்தாள். தன் வரிசையில் முப்பது பூவுக்கு அந்தப் பொடியை வைத்தாள். முப்பதிலும் நூல் கட்டினாள். நாலைந்து நாளில் இருபத்துநாலு பிடித்தது.

மறுநாள் காலை ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜெயனிடம் சொன்னாள்.

"அத்தான், காய் பிடிச்சிருக்கு. புளிக்கொடிப் பொடி வச்சா பிடிக்கும். முன்னே வண்டுதான் அதைக் கொண்டு வந்திருக்கு. நீங்க டின்னு கொண்டு வந்து அதைக் கொன்னாச்சு."

"மெல்லப் பேசு."

"அம்மைகிட்டச் சொல்லுங்க."

"நான் மட்டுமா அடிச்சேன்? அப்பனும் நின்னாருல்லா."

"அப்போ ரெண்டு பேருமாச் சொல்லுங்க."

ஜெயன் பாத்திரத்தைப் பையில் வைத்தான். "பழம் விழட்டு பிள்ளே. தித்திச்சா அதுவே சொல்லும். நான் வேற எதுக்கு?" வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "கிருஷிபவன்ல மேடத்தை நானே ஒண்ணு வரச் சொல்லியேன். படிச்சவங்க சொன்னா அம்மை கேப்பா" என்றான். இதுவரை அவன் செய்ததில் இது ஒன்றுதான் உருப்படியான காரியம்.

கிருஷிபவனில் அந்த வருஷம் வந்திருந்த விவசாய அதிகாரி பத்மஜா. கரமனை அக்கிரகாரத்துப் பெண். ஸ்கூட்டரைக் கால்வாய்ப் பாலத்தில் நிறுத்திவிட்டுச் சேற்றில் இறங்கி வந்தாள். பந்தலைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"மாமி, இந்தக் கொடியெல்லாம் எங்கேர்ந்து வாங்கினேள்?"

"வாங்கினதில்ல மோளே. நான் நட்டது. போதகர் வீட்டு ஒத்தக் கொடி. அறுபதும் எனக்க கை."

"அறுபதும் ஒரே கொடியா?"

"ஒண்ணுகூடப் படல்ல."

பத்மஜா தலையைச் சொறிந்தாள். "அதான் மாமி ப்ரச்னமே. இது அறுபது கொடி இல்லே, ஒரே கொடி அறுபது இடத்துல நிக்கறது. இந்த ஜாதிக்கு அதோட பொடி அதுக்கே பிடிக்காது. நீங்க இங்கேர்ந்து அங்கே எத்தனை தொட்டாலும் தன்னோட பொடியைத் தனக்கே வச்ச மாதிரிதான். வேற கொடிப் பொடி வேணும். அதைக் கொண்டுவரக் கருவண்டு வேணும். இங்கே வண்டே காணலையே?"

 பத்மஜா பந்தல் காலைத் தட்டிப் பார்த்தாள். விரலில் கறுப்பு ஒட்டியது. சிமெண்டு அடைத்த துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது யாரு அடிச்சா?"

ஞானசிகாமணி கால்வாயைப் பார்த்தார். "மழைக்கு மூங்கில் கெட்டுப்போவும்லா மேடம். அதனால ஒரு கோட்டிங்" என்றார்.

"கோட்டிங்கா? உங்களுக்குக் காசு வாங்காம வேலை பார்த்த அத்தனை பேரையும் உள்ளே வச்சுப் பூசிட்டேளே!"

அதற்குள் அவள் கண்ணில் சிவப்பு நூல் பட்டது. "இது யாரு கட்டினது?"

"நான்" என்றாள் ஜினி. சொல்லும்போது மாமியாரைப் பார்க்கவில்லை. புளிக்கொடியைக் கை காட்டினாள். பத்மஜா நூல்களை எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பாத்தேளா மாமி? உங்க மாட்டுப்பொண்ணு வண்டு வேலையைப் பாத்திருக்கா. நாலு நாள்ல நீங்க ரெண்டு பேருமாப் பந்தல் முழுக்கப் பிடிக்க வச்சுடலாம். அடுத்த வருஷத்துக்குள்ள காய்ஞ்ச முருங்கைக் கட்டை ரெண்டு மூணு கட்டித் தொங்க விடுங்கோ, வண்டு வந்து இருந்துக்கும். அந்த அக்கரைக் கொடியை மட்டும் யாரையும் வெட்ட விடாதேங்கோ."

எலிசாள் ஒரு காயைக் கையில் ஏந்திப் பார்த்தாள். எலுமிச்சை அளவு வந்திருந்தது.

"புளிக்கொடிப் பொடி வச்ச காய் புளிக்கும்" என்றாள்.

"இல்லே மாமி. உள்ளே இருக்கற சாறு இந்தக் கொடியோடது. ருசி மாறாது."

"அப்பன் புளிச்சா பிள்ள புளிக்காதா?"

"மாமி, ஆறு வருஷமும் அந்தப் பொடிதானே வந்தது" என்றாள் ஜினி. "அப்பம் புளிக்கல்லியே?"

"அப்பம் எனக்க கை இருந்தது."

பத்மஜா ஜினியைப் பார்த்தாள், பிறகு வாட்சைப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி. "பழுத்தா நீங்களே தின்னு பாருங்கோ மாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வார்த்தையை எலிசாள் பிடித்துக்கொண்டாள். பழுக்கட்டும். தித்தித்தால் ஜினி இங்கே நிற்கட்டும், பந்தலையும் அவளே பார்க்கட்டும், நான் சாய்ப்பில் உட்கார்ந்துகொள்கிறேன். புளித்தால் அம்மை வீடு. இதைச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேர் முன்னாலும் சொன்னாள். அதுவரை பந்தல் முழுக்கப் பொடி வைக்க வேண்டாம், முப்பது பூவுக்கு வைத்ததே போதும் என்றும் சொன்னாள். மீதிச் செப்டம்பர் பூ அவ்வளவும் யாரும் தொடாமல் உதிர்ந்தது.

அன்று சாயங்காலமே கால்வாய்க்கரையில் நின்று அக்கரைக்குக் குரல் கொடுத்தாள்.

"விஜய்குமாரே! உனக்க பலாவுல கெடக்க அந்தக் கொடி உனக்கு வேணுமா?"

விஜய்குமார் யார் கேட்டாலும் பல் தேய்க்கிற குச்சியைக்கூட வெட்டிக் கொடுக்கும் ஆள். "எனக்கு எந்தினா சேச்சி? அது மரத்தையில்லா மூடுது. இப்பம் வெட்டணுமா? வெட்டுகத்தி கையிலதான் இருக்கு."

"இப்பம் வேண்டாம். பழம் விழட்டு. புளிச்சா நான் சொல்லியேன், அப்பம் வெட்டு."

"எந்தப் பழம்? இதுவா? இது எப்பவும் புளிதானே!"

"உனக்கது இல்லடே. எனக்கது."

விஜய்குமாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஓ, சேச்சி பறஞ்சா போதும்" என்று வீட்டுக்குள் போனான்.

அக்டோபரில் துலா மழை பிடித்துக்கொண்டது. மதியம் கறுத்து, மூன்று மணிக்கு இடி இடித்து, கால்வாய் கலங்கி ஓடியது. காற்றில் நூல் கட்டிய காய் ஆறு விழுந்தது. பத்தொன்பது மீதி. ஜினி காலையிலும் சாயங்காலமும் போய் எண்ணிவிட்டு வருவாள். அவள் அம்மை போன் செய்து, "மோளே, நீ பேசாம வந்துடு. இங்க உப்புப் பரணியைத் தொட வேண்டாம்ணு ஆரும் சொல்லமாட்டாங்க" என்றாள். ஜினி, "பழம் விழுந்த பெறகு நான் சொல்லியேன்" என்றாள். அவளுக்குப் பந்தல் பெரிதில்லை. செய்யாத ஒன்றுக்குப் பெயர் வாங்கிக்கொண்டு பையைத் தூக்க மனதில்லை.

எலிசாளும் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், தனியாக, யாரும் பார்க்காத நேரத்தில். ஒரு நாள் ஞானசிகாமணி சாய்ப்பிலிருந்து பார்த்தார். அவள் ஒரு காயை முகர்ந்து பார்த்தாள், பிறகு இரண்டு கையையும் விரித்து வெயிலில் காட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நவம்பரில் குன்னத்துக்காலிலிருந்து ஒருவர் வெற்றிலைக்கொடி நட அவளைக் கூப்பிட ஆட்டோவில் வந்தார். பந்தலை ஏறிட்டுப் பார்த்தார். "இந்த வருஷம் காய் இல்லியா எலிசாளம்மே?" என்றார்.

"கொடிக்கு ஓய்வு குடுத்திருக்கேன்."

"கேட்டேன். ஊருல வேற என்னவோ பறஞ்சாங்க."

"என்ன பறஞ்சாங்க?"

"ஒண்ணுமில்ல. கை மாறிப்போச்சுண்ணு." அவர் சிரித்தார். "வாங்க, நமக்கு நேரமாச்சு."

எலிசாள் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் சேலையை மாற்றாமலே படுத்துவிட்டாள். அந்த வெற்றிலை துளிர்த்ததா இல்லையா என்று பத்து நாள் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் விசாரித்தாள்.

டிசம்பர் முதல் ஞாயிறு விடியும்போது மூன்று பழம் கீழே விழுந்து கிடந்தது. பாஷன் புரூட்டைப் பறிக்கக் கூடாது, தானே விழ வேண்டும். தோடு எலுமிச்சை மஞ்சளாகி, லேசாகச் சுருங்கி, காம்பில் சிவப்பு நூலோடு கிடந்தது. ஜினி துப்பட்டாவில் எடுத்துக்கொண்டு வந்து அடுக்களை மேடைமேல் வைத்தாள். சர்ச்சுக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவித்த கிழங்கும் நெத்திலிக் கறியும் மூடி வைத்திருந்தது. யாரும் அதைத் திறக்கவில்லை.

"வெட்டு" என்றாள் எலிசாள் மகனிடம். ஜினியை வெட்டச் சொல்லவில்லை.

ஜெயன் மூன்றையும் பாதியாக வெட்டினான். மணம் அடுக்களை முழுக்க ஏறியது. கறுப்பு விதைகளைச் சுற்றி மஞ்சள் சாறு, கொள்ளாமல் மேடையில் வழிந்தது. ஞானசிகாமணி முட்டியைப் பிடித்துக்கொண்டு சாய்ப்பிலிருந்து எழுந்து வந்தார். ஆளுக்கொரு பாதி.

எலிசாள் முதலில் கரண்டியால் கோரி வாயில் வைத்தாள்.

பழம் தித்தித்தது. ஆறு வருஷமும் தித்தித்தது போலவே, போதகர் வீட்டு முற்றத்தில் தித்தித்தது போலவே. எலிசாளின் முகத்தில் அந்த ருசி ஒரு நொடி இருந்தது, மற்ற மூன்று பேரும் பார்த்தார்கள். பிறகு அவள் விதையை மென்று விழுங்கினாள்.

"புளிப்பு" என்றாள்.

ஜினி கணவனைப் பார்த்தாள். ஜெயன் ஒரு கரண்டி தின்றான். இன்னொரு கரண்டியும் தின்றான். அவன் தின்பதைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தித்தித்தது என்று சொன்னால் ஆரியசாலையிலிருந்து வந்த டின் பேச்சுக்கு வரும், வருஷம் முழுக்கத் தான் வாயை மூடிக்கொண்டு நின்றது பேச்சுக்கு வரும். அம்மை அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"கொறச்சு புளிப்பு உண்டு" என்றான் ஜெயன்.

"அப்பனே, நீங்க சொல்லுங்க" என்றாள் எலிசாள். புருஷனை அவள் ஒருநாளும் அப்பனே என்று கூப்பிட்டதில்லை. இன்றைக்கு மகனுக்காகக் கேட்பதுபோல் கேட்டாள்.

ஞானசிகாமணிக்கு அந்தப் பழம் பிடிக்கும். ஒரு கரண்டி தின்றுவிட்டுக் கரண்டியையும் நக்கினார். எண்ணெயை ஊற்ற ஊசிக்குழாயைப் பிடித்தது அவர்தான். மருமகளை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"புளிதான். ஆனா தின்னலாம். சீனி போட்டா தின்னலாம்."

"ஜெயா, விஜய்குமாரைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லு" என்றாள் எலிசாள். "பெறகு சர்ச் முடிஞ்சு இவளைக் கொண்டு விட்டுட்டு வா. கிறிஸ்துமசுக்குப் பலகாரம் குடுத்தனுப்பலாம்."

ஜெயன் போனைக் கையில் எடுத்தான். நம்பரைத் தேடிக்கொண்டே நின்றான்.

ஜினி தன் பாதியைத் தொடவில்லை. அலமாரியைத் திறந்து சீனி டப்பாவை எடுத்தாள். மாமனாரின் தோட்டில் ஒரு கரண்டி போட்டாள். எலிசாளின் தோட்டில் ஒரு கரண்டி போட்டாள். இருவரும் கையை நீட்டித் தடுக்கவில்லை. தடுத்தால் என்ன சொல்லித் தடுப்பார்கள்? ஜெயனுக்கு இரண்டு கரண்டி போட்டாள். சீனி கரைய இடமில்லாமல் சாறுக்கு மேலே வெள்ளையாக நின்றது.

"போதுமா அத்தான்?"

"போதும்."

இன்னும் ஒரு கரண்டி போட்டாள். மூன்று பேரும் நின்றபடியே தின்று முடித்தார்கள். முடிக்கும்வரை அவள் டப்பாவைத் திறந்து பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.